யாரும் தொடாத மணி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் நடந்தது இது. அன்றிலிருந்து யாராவது "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் விஷயம் புரியும். நான் சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பெங்களூர் போனவள். முதல் ஆறேழு வருடம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டுகளை வரைகிற வேலை. யார் கண்ணிலும் படாத வேலை. பிறகு வீட்டில் புழங்கும் சாமான்களை வடிவமைக்கிற பிரிவுக்கு மாறினேன். ரிமோட், ஸ்பீக்கர், குழந்தைகள் அறையில் வைக்கும் விளக்கு, இப்படி. ஒரு ரிமோட்டின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுவோம். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

கணவருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தபோது நானும் வேலையை விட்டுவிட்டு வந்து, மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்னதாகப் பட்டறை போட்டேன். நானும் உதவிக்கு இரண்டு பெண்களும். நாங்கள் முதன்முதலில் செய்து விற்றது ஓர் அழைப்பு மணி. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கானது. நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அதைத் தொட்டால், வீட்டில் வேறு எங்கேயோ வைத்திருக்கும் இன்னொரு பெட்டி மணியடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

அந்த வெள்ளைப் பெட்டியின்மேல் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அமுக்குகிற பொத்தானே அதில் கிடையாது. கண்ணாடி மாதிரி வழவழப்பான முகப்பு, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெல்லிசாக ஒரு வட்டம். அந்த வட்டத்தில் விரலை வைத்தாலே போதும். கையில் பலமில்லாதவர்கள் எதையும் அழுத்திக் கஷ்டப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். எழுத்து கிடையாது, படம் கிடையாது, அழுக்குச் சேர இடுக்கு கிடையாது. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தேன். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை நொடி தொட்டார்கள் என்பதைப் பெட்டி தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் மாட்டினால் படித்துவிடலாம். ஏதாவது பிரச்சினை வந்தால் கண்டுபிடிக்க வசதியாக இருக்குமே என்று செய்தது.

கடலூர் வீட்டுக்காரர் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். கடலூர், சிதம்பரம் ரூட்டில் இருபது வருடம் ஓட்டியவர். வயது ஐம்பத்து நாலுதான். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குகிற அளவுக்கு நின்று நின்றுதான் வரும். அவர் மனைவி வாசல் பக்க அறையில் துணி தைக்கிறவர். உள் அறையில் இவர், முன் அறையில் தையல் மிஷின், நடுவே என் மணி. வைகாசியில் வாங்கினார்கள். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

ஆடியில் அந்த அக்கா போன் செய்தார்.

"மணி சும்மா சும்மா அடிக்குதும்மா. ஓடிப்போயி என்னாங்கன்னு கேட்டா நான் அமுக்கலங்கறாரு. திரும்பி வந்து மிஷின்ல உக்காந்தா மறுபடியும் அடிக்குது. மத்தியானம் ஆனாப் போதும், இதே ரோதன."

ஒரு புதன்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பெட்டி துடைத்து வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் என் பெட்டியைப் பார்த்ததும், இந்தக் குழப்பத்திலும், எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. லேப்டாப்பை மாட்டிக் குறிப்புகளைப் படித்தேன். தப்பான அழைப்புகள் எல்லாமே செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில், மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் ஏழெட்டு நொடி நீளம்.

எனக்குத் தலை சுற்றியது. மின்சாரத்துக்குக் கிழமை தெரியுமா என்ன? "செவ்வாய், வெள்ளியில மட்டும் வீட்டுல வேற மாதிரி ஏதாவது செய்றீங்களா அக்கா?" என்று கேட்டேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லியேம்மா, எப்பயும் போலதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது எப்போதும் போலத்தான். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அப்போது என் காதில் விழுந்தது தெருக்கோடி அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஆடி மாதம் அல்லவா? செவ்வாய், வெள்ளியில் பாட்டு ஜாஸ்தி. ஸ்பீக்கர் ஒயர் இந்த வீட்டுக் கூரையை ஒட்டித்தான் போனது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அம்மனையே குற்றவாளியாக்கிவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்ளே உலோகத் தகடு சுற்றிய புதுப் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். எடுத்து வந்த பெட்டியைப் பட்டறையில் இரண்டு நாள் படாதபாடு படுத்தினேன். பக்கத்தில் மிக்ஸியை ஓட்டினேன், ஸ்பீக்கரை வைத்தேன், வெல்டிங் கடைக்காரரிடம் கொண்டுபோய் அவர் வேலை செய்யும் மேடையிலேயே வைத்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் பெட்டியும் அடித்தது. மூன்று தடவை.

மறுநாள் சனிக்கிழமை மறுபடி போனேன். இந்தத் தடவை அக்காவின் தம்பி வந்திருந்தார். சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. அக்கா இளைத்துப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்திருந்தார், அவ்வளவுதான். சிதம்பரம் பக்கத்தில் இந்த மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறதாம், அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அக்காவிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நோய் மூளைக்கும் போய்விட்டது என்பது அவர் கணிப்பு. அக்காவின் கணிப்பு வேறு. தான் முன் அறையில் நாலு பேரோடு பேசிச் சிரித்துத் தைப்பது கணவருக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் வேண்டுமென்றே கூப்பிடுகிறார் என்று அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குமைச்சல். இரண்டில் எது உண்மையானாலும் அந்த மனிதர் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான்.

அவர் கட்டிலில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லையே தவிரக் காது நன்றாகக் கேட்கும். "நா… தொடல" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். தம்பி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்க செஞ்ச பொருளு. உங்களுக்குத்தான் தெரியும். மாமா தொட்டாரா தொடலியா? ஒத்த வார்த்தையில சொல்லிடுங்க."

நான் திரையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மூன்று மணி எட்டு நிமிடம், ஒன்பது நொடி. பெட்டியில் பழுது இல்லை. புதுப் பெட்டி. தகடு சுற்றியிருக்கிறது. ஒரு விரல் பட்டால் எப்படிக் குறிப்பு விழுமோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. கிட்டத்தட்ட என்கிறேன், ஏனென்றால் சாதாரணமாக ஆட்கள் தொட்டால் ஒரு நொடி, ஒன்றரை நொடிதான் இருக்கும். ஒன்பது நொடி ஏன் என்று ஒரு முள் மனதில் குத்தத்தான் செய்தது. பலமில்லாத கை, வைத்த இடத்திலேயே கிடந்திருக்கும் என்று அந்த முள்ளை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். பதினான்கு வருட அனுபவம் அல்லவா? தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தொட்ட மாதிரிதாங்க பதிவாயிருக்கு" என்று சொன்னேன்.

சொன்னது அந்த ஒரு வரிதான். அவர் தூக்கியிருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கினார். எல்லாவற்றையும் விட எனக்கு இன்றும் மறக்காதது அந்தக் கை இறங்கின வேகம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனார். நான் காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். மூளை பாதித்தவருக்குச் செவ்வாய், வெள்ளி எப்படித் தெரியும்? வேண்டுமென்றே செய்கிறவர் ஏன் புதன்கிழமை செய்யவில்லை? அந்த அக்கா ஞாயிறு தவிர எல்லா நாளும் தைக்கிறாரே. அப்படியானால் மணியா? மணிதான் சரியாக இருக்கிறதே! இப்படியே சுற்றிச் சுற்றி, எங்கே இறங்க வேண்டும் என்பதையே மறந்து, பஸ் ஸ்டாண்டு வரை போய் அங்கிருந்து வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை அக்கா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம தம்பி வண்டி கொண்டாறான்மா. அவர அங்க கூட்டிட்டுப் போறோம். இனிமே மணி இங்க தேவப்படாது. வர்ற சனிக்கெழம வந்து எடுத்துக்குறியா?" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமையே போனதற்கு எந்தப் பெரிய காரணமும் கிடையாது. கடலூரில் எனக்கு ஒரு பார்சல் வந்து கிடந்தது. இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மணி வாக்கில் போய் நின்றேன். அக்கா முன் அறையில் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். "உள்ள போயி உக்காரும்மா, தோ வரேன்" என்றார். வீடெல்லாம் கழுவி விட்டு ஈரம் காய்ந்த வாசனை. நிலைப்படியில் மஞ்சள், மாவிலை.

உள் அறையில் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அவர் இடது கைப் பக்கம் ஸ்டூலில் என் வெள்ளைப் பெட்டி. அதன் நடுவில், நான் அவ்வளவு ஆசையாக வரைந்த வட்டத்துக்குள் அச்சாகப் பொருந்தி, சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம்.

அதைப் பார்த்தவுடன் எனக்குப் பொறி தட்டியது என்று எழுத ஆசைதான். தட்டவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது! நான் செய்த பொருளுக்கு ஒரு வீட்டில் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். போனை எடுத்து ஒரு போட்டோ கூட எடுத்துக்கொண்டேன். ஸ்டேட்டஸில் போடலாம் என்று. இப்படிப்பட்ட அறிவாளி நான்.

அக்கா வந்து அவருக்கு டீ டம்ளரை இடது கையில் கொடுத்தார், எனக்கும் ஒன்று வைத்தார். "காத்து திரும்பிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கிழக்கு ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டு முன் அறைக்குப் போனார். ஆடியில் காலையெல்லாம் அனல் மாதிரி மேல்காற்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதனால் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்த டம்ளரை.

முன் அறையில் மணி அடித்தது.

அவர் டம்ளரை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். வலது கை போர்வைக்கு மேல் செத்த மாதிரி கிடந்தது. "இப்ப என்னாங்க?" என்று சலித்துக்கொண்டே அக்கா வாசற்படியில் வந்து நின்றார். நான் டம்ளரைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். அக்கா என் கையைப் பார்த்தார். நான் எட்ட உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் சொல்வதற்குள் மறுபடியும் அடித்தது.

நிஜமாகச் சொல்கிறேன், ஒரு ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் அப்போது இன்னும் கொஞ்சம் எட்டித் தள்ளி உட்கார்ந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, போய்ப் பொட்டின் மேல் நெற்றி வைப்பது போலக் குனிந்து பார்த்தேன். குங்குமத்தின் ஓரம் லேசாகக் கசிந்து கறுத்திருந்தது. விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். காலையில் வைத்தது, காய்ந்து உலர்ந்து போனது, கடல்காற்று பட்டதும் மறுபடி ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. என் பெட்டிக்கு விரல் என்றால் என்ன? ஈரமான, பதமான ஏதோ ஒன்று. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விரல் சட்டென்று வந்து போகும். சந்தனம் மெதுவாக ஈரமாகி, மெதுவாக விடும். அதுதான் அந்த ஒன்பது நொடி.

பொட்டை வழித்துத் துடைத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அடிக்கவில்லை.

ஆடி முதல் வெள்ளியில் வீட்டிலுள்ள எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தபோது அக்கா இதற்கும் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி தவறாமல். ராத்திரிக்குள் அது காய்ந்து உதிர்ந்து, மறுநாள் வெறும் கறைதான் மிஞ்சுமாம். கரண்ட் சாமான் ஆயிற்றே என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைத்துப் பொட்டு வைப்பாராம், காய்ந்த பிறகுதான் மறுபடி மாட்டுவாராம், அதனால் வைக்கும்போது அடித்ததே இல்லை. நான் வருகிறேன் என்றால் "இஞ்சினியரு பாக்குற பொருளாச்சே" என்று துடைத்து வைத்துவிடுவாராம். மெஷினுக்குப் பொட்டு வைப்பதை எந்த வீட்டில் ஒரு விஷயமாகச் சொல்வார்கள்? என் வீட்டுக் கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பது நான்தான். பட்டறையில் ஆயுதபூஜைக்கு என் டெஸ்ட் மெஷின் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் குழைப்பேன். ஒரு வழவழப்பான முகப்பில் நட்ட நடுவே வெறும் வட்டம் ஒன்றை வரைந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் கொடுத்தால் அவள் அதில் என்ன செய்வாள் என்று யோசிக்காதது யார் தப்பு?

அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொட்டு அழியவே இல்லியேம்மா. ஒவ்வொரு வாட்டியும் ஓடியாந்து பாத்தேன். இவரு தொட்டுருந்தா பொட்டு அழிஞ்சிருக்கணும்ல? கண்ணால பாத்துகினே இருந்தேன், எனக்குத் தோணல." இதையே நாலைந்து தடவை சொன்னார். பிறகு போனை எடுத்து, "டேய், வண்டி வேணாம். அவரு எங்கியும் வரல. ஏன்னு அப்புறமா சொல்றேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்து ஏதேதோ சொன்னேன், அழுதும்விட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "பொட்டி… சொன்னா… சரி. நா… சொன்னா…" என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. வரவில்லையா, வேண்டாமென்று விட்டாரா தெரியாது. அக்காவின் தலையில் கையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாதமே விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அமுக்கினால் உள்ளே போய், 'டக்' என்று வெளியே வரும் பழைய காலத்துப் பொத்தான், ஆனால் சுண்டுவிரலால் தொட்டாலே அமுங்குகிற மாதிரி. பெட்டியின் தலையில் பொட்டு வைக்கவென்றே ஒரு வட்டமும் விட்டேன். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் புதுப் பெட்டி கடலூர் வீட்டுக்குத்தான். தை மாதம் போல ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். பஸ் ரூட்டில் இப்போது எத்தனை வண்டி ஓடுகிறது என்றெல்லாம் என்னிடம் விசாரித்தார். பெட்டியின் தலையில் பொட்டு இருந்தது. பழக்கதோஷத்தில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். நாங்கள் மாட்டிய அன்று நான் அமுக்கிப் பார்த்த இரண்டு தடவையைத் தவிர ஒரு குறிப்பு கூட இல்லை. ஐந்து மாதமாக வெறும் காலி.

பெட்டி பழுதோ என்று பதறிப் போய் அக்காவைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மணி நல்லாதான்மா இருக்கு. அவரு அமுக்க மாட்றாரு. ஏதாச்சும் வேணும்னா டம்ளரால கட்டில்ல தட்டுறாரு. நான் காதத் தீட்டிகினு உக்காந்திருக்கேன்."

நான் இன்றைக்கும் எத்தனையோ சாமான்களை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் பிழை கண்டுபிடித்துத் திருத்துகிறேன். ஆனால் "நான் தொடவில்லை" என்று ஒரு மனிதர் கையைத் தூக்கிக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பதில் சொன்னேனே, அதைத் திருத்த எனக்கு இதுவரை ஒரு வழியும் தெரியவில்லை.